அரை லோயர்

நிஸ்லாவுக்கு அந்தப் பட்டத்தை வைத்தவர் யாகப்பர். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், பெனடிக்றின் போட்டோக்கொப்பிக் கடை வாசலில், பிளாஸ்ரிக் கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்தபடி ஒரு திங்கட்கிழமை காலையில் வைத்தார்.

“ஆயிரம் பேரைக் கொண்டவன் அரை வைத்தியன் எண்டு சொல்லுவினம். இவள் ஆயிரம் போம் நிரப்பிப்போட்டாள். அப்ப இவள் அரை லோயர்தானே.”

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நிஸ்லாவும் சிரித்தாள். யாகப்பர் ஒரு சட்டத்தரணியிடம் இருபத்தெட்டு வருடமாகக் கிளாக்கராக இருப்பவர். அவர் வாயிலிருந்து லோயர் என்ற சொல்லில் பாதி கிடைத்தது கூட ஒரு மரியாதைதான் என்று அன்றைக்கு அவளுக்குப் பட்டது. அந்தப் பகிடி ஒரு கிழமைக்குள் பாலத்தைத் தாண்டி, சிலாவத்துறை பஸ்ஸில் ஏறி, முசலிப் பக்கத்திலுள்ள அவளுடைய ஊர் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவள் கடைக்கு வந்து ஏழு வருடம். பெனடிக்றுக்குப் போட்டோக்கொப்பி மெசின், கொம்பியூட்டர், ஸ்கானர். அவளுக்கு அதன் பக்கத்தில் ஒரு மேசை. பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்த வருபவர்கள், அடையாள அட்டை தொலைத்தவர்கள், ஓய்வூதியம் நின்றுபோனவர்கள், காணிக்காக நடக்கிறவர்கள் என்று எல்லோரும் அந்த மேசைக்கு முன்னால் வந்து இருப்பார்கள். இந்த ஒழுங்கையில் படிவம் நிரப்புகிறவர்கள் வேறும் இருந்தார்கள். அவர்கள் பெயரையும் நம்பரையும் கேட்டு, கடகடவென்று எழுதி, ஒப்பம் வாங்கி அனுப்பிவிடுவார்கள். நிஸ்லாவின் முறை வேறு. படிவத்தில் இருக்கும் தமிழ் எவருடைய வீட்டுத் தமிழும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு கேள்வியையும் முன்னால் இருப்பவரின் பேச்சுக்கு மாற்றிக் கேட்பாள். ‘விண்ணப்பதாரியின் விவாக அந்தஸ்து’ என்று இருந்தால், “கலியாணம் கட்டினியளோ, கட்டினவர் இருக்கிறாரோ?” என்பாள். பதில் வரும்வரை பேனையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பாள். வந்த பதிலை முத்து முத்தாக எழுதுவாள். அந்த முறைக்காகவே சனம் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் அவளைத் தேடி வந்தது. அந்த முறையே ஒரு நாள் அவளைக் குப்புறத் தள்ளவும் போகிறது.

அதற்கு முன்னால் நடந்தது வேறொன்று. தலைமன்னார்க்காரர் ஒருவருக்காக ஒரு படிவத்தை இன்ரநெற்றில் தேடிக்கொண்டிருந்தபோது, திரையின் ஓரத்தில் ஒரு விளம்பரம் வந்து நின்றது. ‘சட்டத் துணைப் பணியாளர் கற்கைநெறி. ஒரு வருடம். முற்றிலும் இணையவழி. தமிழ்மொழி மூலம்.’ அவள் படிவத்தை மறந்து அதை அழுத்தினாள். அந்தப் பணியாளர் என்ன செய்வார் என்று கீழே எழுதியிருந்தது. ஆட்களிடம் கேட்டு விபரம் எடுப்பார். ஆவணங்கள் தயாரிப்பார். கந்தோர்களில் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று பின்தொடர்வார். சட்டத்தரணி இல்லாத இடத்தில் சட்டம் என்ன சொல்கிறதென்று சனத்துக்கு விளங்கப்படுத்துவார்.

நிஸ்லா அதை மூன்று தரம் வாசித்தாள். ஏழு வருடமாகத் தான் செய்துவந்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

தகைமையையும் பார்த்தாள். உயர்தரம் சித்தி. அல்லாவிட்டால், சாதாரண தரத்துடன் ஐந்து வருட அனுபவம். அந்த அனுபவத்தைச் சட்டத்தரணி ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். முடிவு திகதிக்கு மூன்று கிழமை இருந்தது.

சட்டத்தரணிக்குப் போகிற வாசல் யாகப்பர். அடுத்த நாள் அவர் தேத்தண்ணியோடு வந்து இருந்ததும் கேட்டாள்.

“அனுபவமோ?” யாகப்பர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஆற்றை கந்தோரில, தங்கச்சி? பெனடிக்றின்ர மெசினுக்குப் பக்கத்தில இருக்கிறது ஒரு அனுபவமோ?”

“நீங்களே எத்தினை தரம் உங்கட ஆக்களை என்னட்ட அனுப்பியிருக்கிறியள், அண்ணை.”

“அனுப்பினனான். போம் நிரப்பத்தான். சட்டத்துக்கில்லை.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் இருபத்தெட்டு வருசம். என்னட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. நீ ஒரு வருசம் போனைப் பாத்துப்போட்டுச் சேர்ட்டிபிக்கட்டோட வந்து நிப்பியோ? ஒன்லைனில சட்டம் படிக்கிறது, ரீவி பாத்துக்கொண்டு மீன் பிடிக்கிற மாதிரி. நான் இதைக் கொண்டுபோய் ஐயாட்டக் காட்டினா, அவர் என்னைப் பாத்துத்தான் சிரிப்பார்.”

அவர் போனபிறகு பெனடிக்ற் எட்டிப் பார்த்தார். பெனடிக்ற் நாளுக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர். “இந்த ரப்பை மூடட்டோ?” என்று திரையில் திறந்து கிடந்த விளம்பரத்தைக் காட்டிக் கேட்டார்.

“வேண்டாம். கிடக்கட்டும்.”

அது கிடந்தது. கொம்பியூட்டர் திரையின் மேல்விளிம்பில் சின்னப் பெட்டியாக, மற்றப் படிவங்களுக்கு நடுவில், நாள்கணக்காகத் திறந்தபடி கிடந்தது.

வீட்டில் சொன்னாள். பின்னேரம், நிப்ராஸ் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தான். நிப்ராஸ் அவளுடைய மாப்பிள்ளை, படகுக்காரன், கோபம் வராத ஆள். கோபம் வராதவனோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பன்னிரண்டு வருடமாக அவளுக்குத் தெரியும்.

“சனி ஞாயிறில வகுப்பாம். ஒரு வருசம்.”

“எங்க?”

“போனில.”

“போனில.” அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்கட வீட்டுக்குள்ள எந்தச் சிக்னல் வருது? காத்துத் திரும்பினா இந்தியாவுக்கு வரவேற்கிறோம் எண்டு மெசேஜ் வருது. நீ வகுப்புக்கு ஏற முதல் பாஸ்போட் எடுக்க வேணும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துதான் அவன் உண்மையான கதைக்கு வந்தான்.

“கரையில, மீன் வாடியில என்னை இப்ப என்னெண்டு கூப்பிடுறாங்கள், தெரியுமா? பெட்டிசக்காரியின்ர மாப்பிள்ளை.”

நிஸ்லாவுக்கு முகம் சுருங்கியது. அரை லோயர் பகிடி. பெட்டிசம் பகிடியில்லை. பெட்டிசம் என்றால் இந்தக் கரையில் ஆளுக்குத் தெரியாமல் ஆளை விழுத்துகிற கடிதம். அடியில் பெயர் இராது. ஊரில் ஒருவனுடைய வேலை பறிபோனால், ஒருவளுடைய வீட்டுத்திட்டம் நின்றால், “ஆரோ பெட்டிசம் போட்டிட்டாங்கள்” என்றுதான் முதற்பேச்சு வரும். எல்லாருடைய காகிதமும் பார்த்த ஒருத்தி ஊரில் இருந்தால், சந்தேகத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

“நான் எப்பயாவது மொட்டைக் கடிதம் எழுதினனானோ?”

“இல்லை.”

“என்ர எழுத்து ஊருக்கே தெரியும். நான் பெட்டிசம் போட்டா அடுத்த நிமிசம் பிடிபட்டிடுவன்.”

“எனக்குத் தெரியும். அவங்களுக்குச் சொல்லு. நீ இனிச் சட்டமும் படிச்சா வாடியில ஒருத்தனும் என்ர பக்கத்தில இருக்க மாட்டான்.”

“நல்லதுதானே. காலை நீட்டி இருங்கோ.”

நிப்ராஸ் ஊசியை நிறுத்தினான். “வேண்டாமெண்டு சொல்லேல்லை, நிஸ்லா. யோசி எண்டு சொல்லுறன்.”

வேண்டாம் என்றிருந்தால் அவள் எதிர்த்து நின்றிருப்பாள். யோசி என்றதால் தனக்கு எதிராகத் தானே நிற்க வேண்டியதாயிற்று.

யோசித்தாள். அவளுடைய படிப்பு பதினாறு வயதில் நின்றது. தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதம் வைத்திருந்தவர்கள் தவணை சொல்லி முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து போகச் சொன்னபோது, நிஸ்லா உம்மாவின் வயிற்றில் இருந்தாள். பிறந்தது புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில். அங்கேதான் சாதாரண தரம் எடுத்தாள். தமிழும் வரலாறும் ஏ. உயர்தர வகுப்பு தூரத்தில் இருந்தது. பஸ்ஸுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் வழியிருந்தது. மூத்தவன் என்று நானா போனான். நானா ஆறு மாதத்தில் வகுப்புக்குப் போகாமல் விட்டது வேறு கதை; அந்த இடத்தை எவரும் அவளுக்குத் தரவில்லை. பிறகு கலியாணம், சண்டை முடிந்து ஊர் திரும்பல், இரண்டு பிள்ளைகள், கல் வீடு, பெனடிக்றின் கடை. முப்பத்து நாலு வயதில் அவளிடம் இருந்தது நல்ல கையெழுத்தும், சனத்தின் நம்பிக்கையும்.

முடிவு திகதிக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த இரண்டில் ஒன்று போயிற்று.

பக்கீர் கடிதத்தோடு வந்தார். அவர் அவளுடைய ஊரவர், எழுபதைத் தாண்டியவர். ஊரில் முதல் ஆளாய்த் திரும்பி வந்து, பற்றைக்குள் தன் கிணற்றைக் கண்டுபிடித்து, அதன் கட்டில் ஏறி நின்று தொழுகைக்கு அழைத்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவரே அதை எல்லாருக்கும் சொல்வார். கடை வாசலில் காட்போட் பெட்டியைத் தின்றுகொண்டு நின்ற கழுதையை விலக்கிவிட்டு உள்ளே வந்து, மண்ணிற உறையை மேசையில் போட்டார்.

“வாசி மகள். வாசிச்சுப்போட்டு அந்தக் கழுதைக்குக் குடு.”

காணிக் கந்தோரிலிருந்து வந்த கடிதம். பக்கீருக்குத் தெரிந்ததுதான், ஏழு தரம் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டார். இருந்தாலும் அவள் வாயால் கேட்க வந்திருந்தார். நிஸ்லா வாசித்தாள்.

“‘மேற்படி காணியைத் தாங்கள் கைவிட்டுச் சென்றதாகத் தங்கள் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுள்ளமையினால், தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாது என்பதை இத்தால் அறியத் தருகின்றேன். ஆட்சேபம் இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் சமர்ப்பிக்கலாம்.’”

“நான் எப்ப மகள் காணியைக் கைவிட்டனான்?”

அவள் கடிதத்தை மேசையில் வைத்தாள். அலுமாரியைத் திறந்து, பக்கீரின் விண்ணப்பத்தின் பிரதியை எடுத்தாள். பன்னிரண்டாம் கேள்வி. ‘காணியைக் கைவிட்டுச் சென்ற திகதி.’ அதற்கு எதிரே அவளுடைய முத்து முத்தான எழுத்தில்: 1990 ஒக்ரோபர்.

எப்படி எழுதினாள் என்பது இப்போது அவளுக்கு அப்படியே கேட்டது. படிவத்தில் இருந்ததை அவள் பக்கீரிடம் கேட்கவில்லை. தன் முறைப்படி ஊர்ப் பேச்சுக்கு மாற்றி, “சாச்சா, எப்ப எழும்பினனீங்கள்?” என்று கேட்டாள். அவர்களுடைய ஊரில் அந்த வருடத்துக்கு அதுதான் சொல். ஓடினோம், போனோம் என்று யாரும் சொல்வதில்லை. எழும்பினோம் என்றுதான் சொல்வார்கள், ஏதோ ஒருநாள் பாயிலிருந்து எழும்பியது போல. பக்கீர் எழும்பிய மாதத்தைச் சொன்னார். அவள் அதைக் கைவிட்ட மாதமாக எழுதிவிட்டாள். கேள்வி கந்தோருடையது, பதில் ஊருடையது. இரண்டையும் ஒரே வரியில் இணைத்துவைத்தது அவளுடைய பேனை.

“இப்பிடி எத்தினை?” யாகப்பர் கதிரையிலிருந்தபடியே கேட்டார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

“பதினேழு குடும்பம்.” அதில் ஒன்று நிப்ராஸின் வாப்பா விட்டுப்போன காணி.

“பதினேழு பேரும் கைவிட்டனாங்கள் எண்டு நீயே எழுதி, ஒப்பமும் வாங்கிக் குடுத்திட்டாய். எதிராளிக்கு இதைவிட நல்ல சாட்சி வேணுமோ?” யாகப்பர் எழும்பிக் குடையை எடுத்தார். “அரை லோயர் எண்டு நான் சும்மா சொல்லேல்லை, தங்கச்சி. சட்டம் மற்ற அரைக்குள்ளதான் இருக்கு.”

பக்கீர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நிஸ்லாவைப் பார்த்தார். வெளியே போய்க் கழுதைக்குப் பக்கத்தில் நின்றார். அவர் ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அந்த ரப்பை மூடிவிடுங்கோ,” என்று பெனடிக்றிடம் சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாள். மடியில் பக்கீரின் விண்ணப்பப் பிரதி. பாலத்தில் கடற்காற்று அதைப் பறிக்கப் பார்த்தது. இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தாள். பாலம் முடியும் மட்டும் தன்னைத் திட்டினாள். வங்காலைச் சந்தி மட்டும் யாகப்பரைத் திட்டினாள். அதற்குப் பிறகு திட்ட ஆளில்லாமல் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு வந்தாள். கைவிட்டு. யார் யாரைக் கைவிட்டது? பெற்ற பிள்ளையைக் கைவிடுவார்கள். கட்டின பெண்ணைக் கைவிடுவார்கள். அப்படிப்பட்ட சொல்லை ஒருவன் எங்கோ ஒரு மேசையில் இருந்து, சிங்களத்திலிருந்தோ இங்கிலிசிலிருந்தோ மாற்றும்போது, கைக்கு வந்ததை எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு அது ஒரு சொல். அதைத் தெரியாமல் தாண்டிப்போனது தன் பிழைதான். ஆனால் விரல் வெட்டுப்பட்டதென்று மீன் வெட்டுவதை யார் விட்டது?

அவள் படிவத்தை முதல் எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள், கேள்விகளை மட்டுமல்ல, எல்லாவற்றையும். கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்தது போல் ஒரு வரி இருந்தது. ‘திருத்தங்கள் இருப்பின் ஒற்றைக் கோட்டினால் வெட்டி, அருகில் விண்ணப்பதாரி சுருக்கொப்பம் இடுதல் வேண்டும்.’ ஏழு வருடத்தில் அவள் அந்த வரியை ஒருவருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. அது கேள்வி இல்லை என்பதால் தாண்டிவிடுவாள்.

வெட்டலாம் என்று இருக்கிறது. நாங்கள் எழுதினதை மட்டும்தான் வெட்டலாம் என்று எங்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பதினேழு குடும்பமும் அவளுடைய முற்றத்துக்கு வந்தது. சிலர் கடிதத்தோடு, சிலர் கோபத்தோடு. நிஸ்லா ஆட்சேபமாகக் கொடுக்கப் புதுப் படிவங்களை மேசையில் அடுக்கி வைத்திருந்தாள். முதலில் பிழையைச் சொன்னாள். “நான் உங்களிட்ட எழும்பினது எப்ப எண்டு கேட்டன். இதில கேட்டது அதில்லை. எழுதின கை என்ர. பிழை என்ர.” பிறகு முதல் தடவையாக, மாற்றாமல், படிவத்தின் சொல்லையே உரத்து வாசித்தாள். “‘காணியைக் கைவிட்டுச் சென்ற திகதி.’ இதுதான் கேள்வி. இதுக்கு உங்கட பதில் என்ன?”

சிலர் கையிலிருந்த கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். உம்மு குல்சூம் என்ற கைம்பெண் பின்னுக்கு நின்றாள். அவள்தான் வாயைத் திறந்தாள்.

“அடுப்பில சோறு கிடந்தது மகள். சோத்தைக் கைவிட்டனான் எண்டு வேணுமெண்டா எழுது. காணியை அப்பிடி எழுதாத.”

“அப்ப வெட்டுவம்,” என்றாள் நிஸ்லா.

‘காணியைக் கைவிட்டுச் சென்ற’ என்பதற்கு மேல் அடிமட்டத்தை வைத்து ஒற்றைக் கோடு. மேலே ‘காணியிலிருந்து வெளியேற்றப்பட்ட’ என்று எழுதினாள். பக்கத்தில் அவரவர் சுருக்கொப்பம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பெருவிரல். ஒருவன் தயங்கினான். “இந்தச் சொல்லை எழுதினாப் பிறகு கரைச்சல் வராதோ?”

“வந்தா என்னட்ட வரச் சொல்லு. கீழ பார்.”

ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள். படிவம் அதைக் கேட்கவில்லை. ‘நிரப்பியவர்: நிஸ்லா நிப்ராஸ்’. அதற்குக் கீழே ஒப்பம், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர்.

“பெட்டிசத்தில பேர் இருக்காது,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

நிப்ராஸின் முறை வந்தது. வாப்பாவின் காணிக்கு அவன்தான் போட வேண்டும். பேனையை வாங்கி, பக்கத்தின் ஓரம் முட்ட ஒரு நீளமான ஒப்பம் போட்டான்.

“சுருக்கொப்பம் சின்னனாப் போட வேணும்.”

“சின்னனாப் போட்டா அவங்கட கண்ணுக்குத் தெரியாது,” என்றான் கோபம் வராத நிப்ராஸ்.

கந்தோருக்குத் திங்கட்கிழமை போனார்கள். உத்தியோகத்தர் இராசேஸ்வரி படிவத்தைப் புரட்டி, பன்னிரண்டாம் கேள்வியில் நின்றார்.

“இது என்ன?”

“திருத்தம், மிஸ்.”

“அச்சடிச்ச சொல்லை நீங்கள் எப்பிடி வெட்டலாம்? பதில்தான் நீங்கள் எழுதலாம். கேள்வியை எழுதேலாது.”

“கடைசிப் பக்கத்தில கீழ வாசியுங்கோ, மிஸ்.”

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் வாசித்தார்.

“திருத்தங்கள் இருப்பின் எண்டு மட்டும்தான் கிடக்கு,” என்றாள் நிஸ்லா. “ஆற்றை எழுத்தில எண்டு இல்லை. கோடு ஒண்டு. பக்கத்தில சுருக்கொப்பம். எடுக்கேலாதெண்டா, ஏன் எடுக்கேலாதெண்டு எழுத்தில தாங்கோ. நாங்கள் அதை மேல கொண்டுபோறம்.”

பின்வரிசை நெருங்கி வந்தது. இராசேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கள் ஆர்? லோயரோ?”

“இல்லை, மிஸ்.”

“அரை,” என்றார் பின்னுக்கு நின்ற பக்கீர்.

யாரோ சிரித்தார்கள். இராசேஸ்வரி சிரிக்கவில்லை. வெட்டிய சொல்லைப் பார்த்தபடி இருந்தார். “எனக்கு ஊர் வெள்ளாங்குளம்,” என்றார் கொஞ்சம் பொறுத்து, யாருக்கென்றில்லாமல். “எங்கட அம்மாவும் சண்டைக்குள்ள வயலை விட்டிட்டு வந்தவ. இந்தப் பன்னிரண்டாம் கேள்விக்குத் திகதிதான் எழுதிக் குடுத்தவ.” பிறகு ‘பெறப்பட்டது’ முத்திரையை எடுத்துப் பதினேழு படிவத்திலும், பதினேழு பிரதியிலும் குத்தினார். “பெறுறது என்ர வேலை. முடிவு மேல இருக்கிறவையின்ர. ஒண்டும் உறுதி சொல்ல மாட்டன்.”

“உறுதி கேக்கேல்லை, மிஸ். முத்திரைதான் கேட்டம்.”

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. காணி கிடைத்தது என்று இங்கே எழுத இடமில்லை. கோப்பு இன்னும் எங்கோ ஒரு மேசையில்தான் இருக்கிறது. ஆனால் மூடின கதவு திறந்து, உள்ளே காகிதம் போயிருக்கிறது. ஒரு சொல்லை வெட்டியதால்.

கடைக்கு வந்ததும் பெனடிக்றிடம் சொன்னாள். “அந்த ரப்பைத் திரும்பத் திறக்கேலுமோ?”

“நான் மூடேல்லை,” என்றார் பெனடிக்ற். “சின்னனாக்கி வச்சனான்.”

முடிவு திகதி அன்றைக்குப் பின்னேரம் நாலு மணி. விண்ணப்பத்தை இறக்கி, அச்சடித்து, இந்தத் தடவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தாள். நாலாம் பக்கத்தில் நின்றாள். அனுபவத்தை உறுதிப்படுத்துபவர்: ‘சட்டத்தரணி அல்லது விண்ணப்பதாரியின் சேவையைப் பெற்ற பொறுப்பு வாய்ந்த ஒருவர்’. அல்லது. மூன்று கிழமைக்கு முன் சட்டத்தரணி என்ற சொல்லைக் கண்டதும் பயந்து, அதற்குப் பிறகு இருந்ததை அவள் கண்ணாலும் தொடவில்லை. ஒரு ‘அல்லது’க்காகத்தான் யாகப்பரிடம் போய் அவமானப்பட்டிருக்கிறாள்.

யாகப்பரும் அங்கேதான் இருந்தார். கந்தோர்க் கதை அவருக்கு முன்னமே வந்துவிட்டது.

“ஒருக்காச் சரிவந்திட்டுதெண்டு துள்ளாத,” என்றார். “ஆயிரம் பேரைக் கொண்டாலும் அரைதான்.”

“அது பேர் இல்லையாம், அண்ணை. வேராம். ஆயிரம் வேரைக் கொண்டவன். பச்சிலை தேடி ஆயிரம் வேரைக் கண்டவன்தான் அரை வைத்தியனாம். ஒரு எழுத்துத்தான். ஒண்டில அவன் கொலைகாரன், மற்றதில படிச்சவன். நீங்கள் எதைச் சொன்னனீங்கள்?”

பெனடிக்ற் மெசினுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். யாகப்பர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்து, அது ஆறிப்போயிற்றென்று முறைப்பாடு செய்தார். போகும்போது திரும்பி நின்று, “அந்த வகுப்பில வயசெல்லை ஏதும் போட்டிருக்கோ?” என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் குடையை விரித்தார்.

அவள் நிரப்பத் தொடங்கினாள். மூன்றாம் பக்கம், ஏழாம் கேள்வி. ‘பாடசாலைக் கல்வியைக் கைவிட்ட ஆண்டு.’

நிஸ்லா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடிமட்டத்தை எடுத்தாள். ‘கல்வியைக் கைவிட்ட’ என்பதற்கு மேல் ஒற்றைக் கோடு. அதற்கு மேலே ‘கல்வி நிறுத்தப்பட்ட’ என்று எழுதி, ஆண்டை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தாள். கொழும்பில் இதை வாசிக்கப்போகிறவர் புருவம் உயர்த்தினால் உயர்த்தட்டும். சட்டம் படிப்பிக்கிற இடம். சொல் என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் பக்கீர் நின்றார், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால். அவரை உள்ளே கூப்பிட்டு நாலாம் பக்கத்தைக் காட்டினாள். அவர் பெயரைத் தானே எழுதுவேன் என்று பேனையை வாங்கினார். எழுத்துக் கூட்டி எழுதினார். அடுத்த பெட்டிக்கு வந்தார்.

“பதவி எண்டு கேட்டிருக்கு. எனக்கென்ன பதவி மகள்?”

“விரும்பினதை எழுதுங்கோ, சாச்சா.”

பக்கீர் யோசித்தார். பிறகு நாக்கை ஓரத்தில் கடித்தபடி, பெரிய எழுத்தில், பெட்டிக்கு வெளியேயும் போகிற மாதிரி எழுதினார். காணிச் சொந்தக்காரன்.

நிஸ்லா அதைப் பார்த்தாள். “அது இன்னும் முடிவாகேல்லையே, சாச்சா.”

“அவங்களுக்கு முடிவாகேல்லை,” என்று பக்கீர் பேனையை மூடிக் கொடுத்தார்.

மூன்றரை மணிக்கு பெனடிக்ற் விண்ணப்பத்தின் முதல் தாளை ஸ்கானரில் வைத்து மூடியை அமத்தினார்.